கைக்கெட்டும் காலம்

சென்னையிலிருந்து திருப்பதி போகும் நெடுஞ்சாலையில், திருத்தணிக்குச் சற்று முன்னால் வருகிற ஊர் கனகம்மாசத்திரம். பஸ் நின்று புறப்படும் இடைவெளியில் டீ குடித்துவிட்டுப் பலரும் கடந்து போய்விடுவார்கள். ஆனால் இந்த ஊரை நடுவில் வைத்துச் சுற்றிலும் பார்த்தால், உலக அருங்காட்சியகங்கள் பொறாமைப்படும் இரண்டு செல்வங்கள் பக்கத்திலேயே இருப்பது தெரியும். ஒருபுறம் திருவாலங்காடு: காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்ததாகச் சொல்லப்படும் தலம், நடராசரின் ஐந்து சபைகளில் ரத்தின சபை. மறுபுறம் பூண்டி ஏரியும், அதை ஒட்டிய கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கமும். ஆதிமனிதனின் கல் கருவிகள் மண்ணுக்கடியில் அடுக்கடுக்காகக் கிடந்த இடம் அது.

இந்த இரண்டையும் கண் தெரியாத ஒருவர், அல்லது வீல்சேரில் வரும் ஒருவர், அல்லது காது கேளாத ஒருவர் எப்படி அறிந்துகொள்வது? தமிழ்நாட்டு அருங்காட்சியகங்கள் இன்னும் முழு மனதோடு பதில் சொல்லத் தொடங்காத கேள்வி இது.

திருவாலங்காட்டு நடராசரிலிருந்து தொடங்கலாம். சோழர் காலத்து வெண்கலம். திருவாசி இல்லை, ஆனாலும் தூக்கிய காலின் வேகமும் இடுப்பின் திருப்பமும் பார்ப்பவரை நிறுத்திவிடும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் பெருமைகளில் ஒன்று. 1851-இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்தின் இந்த நடராசருக்குப் பாரிசில் ஒரு ரசிகர் இருந்தார்: சிற்பி அகஸ்ட் ரோதான். 1913-இல் அவர் நடராசரைப் பற்றி உருகி எழுதினார். அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1921-இல், அந்தக் கட்டுரை அச்சில் வந்தது. அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. விக்டர் கோலூபேவ் என்ற ஆய்வாளர் மூலம் கிடைத்த புகைப்படங்கள்தான் அவர் கையில் இருந்தவை. தம் காலத்தின் ஆகப் பெரிய சிற்பி, சிலையை நேரில் பாராமலே, படியை வைத்துக்கொண்டு அதன் உயிரைத் தொட்டுவிட்டார். மூலத்துக்குப் பதில் படி என்றால் முகம் சுளிப்பவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றையும் யோசித்துப் பார்க்க வேண்டும். கண் தெரியாத ஒரு பக்தர் திருத்தணி மலைக்கோயிலுக்குப் போகிறார். முருகனை அவர் பார்க்க முடியாது. ஆனால் மணி ஒலிக்கிறது. கற்பூரத் தட்டின் சூட்டைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். விபூதி நெற்றியில் படுகிறது, சந்தனம் உள்ளங்கையில் குளிர்கிறது, காலடியில் கருங்கல், கூட்டத்தின் ‘அரோகரா’. தரிசனம் ஆகிவிட்டது என்ற நிறைவோடுதான் அவர் கீழே இறங்குகிறார். கோயில் என்ற ஏற்பாடே ஐந்து புலன்களுக்குமாக அமைந்தது. அந்தச் சூழலிலிருந்து ஒரு செப்புத் திருமேனி அருங்காட்சியகத்துக்கு இடம் மாறும்போது மணியும் சூடும் மணமும் கழன்று போகின்றன. மிஞ்சுவது கண் மட்டும். ‘தொடாதீர்கள்’ என்ற பலகை அதையும் உறுதி செய்துவிடுகிறது. பார்வையற்றவருக்குக் கோயிலில் கிடைத்தது அருங்காட்சியகத்தில் இல்லாமல் போவது அவருடைய உடலின் குறையால் அல்ல. காட்சிப்படுத்தும் முறையின் குறையால்.

தொடாதே என்பதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. கை வியர்வையில் உப்பு இருக்கிறது. அந்த உப்பின் குளோரைடு வெண்கலத்தில் ஏறினால், ஈரக்காற்றோடு சேர்ந்து உலோகத்தை உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும். மேலே வெளிர்பச்சைப் பொடியாகப் பூக்கும். ‘வெண்கல நோய்’ என்பார்கள். இதற்கு மருத்துவம் பார்த்ததில் எழும்பூருக்குத் தனிப்பெருமை உண்டு. 1930-இல் அங்கே வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கியது. எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையில் பழைய வெண்கலங்களைச் சுத்தம் செய்து காட்டினார். ஆகவே ஆயிரம் ஆண்டுச் சிலையை எல்லோரும் தடவலாம் என்று திறந்துவிட முடியாது. ஆனால் அருங்காட்சியகத்தில் இருப்பவை எல்லாம் வெண்கலம் அல்லவே.

இங்கேதான் பூண்டி வருகிறது. 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்கோடு அத்திரம்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே பின்னாளில் பல ஆண்டுகள் அகழாய்வு செய்த சாந்தி பப்புவின் குழு, அங்குள்ள கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011-இல் அறிவித்தது. 2018-இல் வெளிவந்த அடுத்த ஆய்வு, அதே இடத்தில் இன்னொரு தலைமுறைக் கருவிகள் 3.85 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டன என்று காட்டியது. இந்தப் பகுதியின் கதையைச் சொல்வதற்காகவே மாநிலத் தொல்லியல் துறை 1985-இல் பூண்டியில் ஓர் அருங்காட்சியகத்தைத் தொடங்கியது.

ஒரு கைக்கோடரியைக் கையில் எடுத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். கண்ணீர்த்துளி வடிவம். குவார்ட்சைட் கல். தடித்த அடிப்பக்கம் உள்ளங்கைக் குழியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கட்டைவிரல் தானாகவே ஒரு பள்ளத்தைத் தேடிக்கொள்கிறது. அது சில்லு பெயர்ந்த பள்ளம். ஓரத்தில் விரலை ஓட்டினால் ஒரு சில்லுக்கும் அடுத்த சில்லுக்கும் இடையில் மேடு தட்டுப்படும். இந்தப் பக்கம் ஓர் அடி, திருப்பிப் போட்டு அந்தப் பக்கம் ஓர் அடி என்று செய்தவன் எடுத்த முடிவுகள் எல்லாம் வரிசையாக விரலுக்குக் கிடைக்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தால் அது சும்மா ஒரு கல். பார்வையுள்ள பள்ளிக் குழந்தைகள்கூட இரண்டு நொடியில் அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடுவார்கள். கைக்காகவே செய்த பொருளைக் கண்ணுக்கு மட்டும் காட்டுவது அதன் பாதியை மறைப்பதுதான். லட்சக்கணக்கான ஆண்டுகள் வெள்ளத்தையும் மண்ணையும் தாங்கிய குவார்ட்சைட், பிள்ளைகளின் விரல் பட்டுக் கெட்டுப் போகாது. ஆய்வுக்கு முக்கியமான, அடுக்கு தெரிந்த கருவிகளைப் பத்திரமாக வைத்துவிட்டு, மேற்பரப்பில் பொறுக்கியெடுத்தவற்றில் நாலைந்தை மேசைமேல் வைக்கலாம். தொட்டுப் பார்க்கும் கூடம் ஒன்றை இதைவிடக் குறைந்த செலவில் தொடங்க வழி இல்லை.

இது புதுமையான யோசனையும் அல்ல. ரோதான் நடராசரைப் பற்றி எழுதிய அதே 1913-இல், இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகர அருங்காட்சியகத்தில் சார்ல்டன் டீஸ் என்பவர் பார்வையற்றவர்களுக்குக் கண்ணாடிப் பெட்டிகளைத் திறந்துவிட்ட தம் அனுபவத்தை எழுதி வெளியிட்டார். பாடம் செய்த விலங்குகளையும் பறவைகளையும் பிள்ளைகள் தடவிப் பார்த்தார்கள். பிறகு தாங்கள் தொட்டதைக் களிமண்ணில் செய்து காட்டினார்கள். நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இத்தாலியின் அங்கோனா நகரில், பார்வையற்ற தம்பதி அல்டோ கிராசினியும் டேனியலா பொட்டெகோனியும் 1993-இல் ஓமேரோ அருங்காட்சியகத்தை உருவாக்கினார்கள். ஐரோப்பாவின் புகழ்பெற்ற சிற்பங்களின் முழு அளவுப் படிகள் அங்கே நிற்கின்றன. எதையும் தொடலாம். 1999-இல் இத்தாலி அதை அரசு அருங்காட்சியகமாக்கியது. ஸ்பெயினின் பிராடோ 2015-இல் சில ஓவியங்களைப் புடைப்பு வடிவில் செய்து வைத்தது. அதே ஆண்டின் இறுதியில் டெல்லி தேசிய அருங்காட்சியகம் ‘அனுபவ்’ என்ற கூடத்தைத் திறந்தது: 22 பொருள்களின் படிகள், பிரெய்ல் குறிப்புகள், ஒலி விளக்கம். பெங்களூரில் 2023-இல் கட்டடம் திறந்த ‘மேப்’ கலை, புகைப்பட அருங்காட்சியகம், தொட்டு உணரும் வடிவங்களைத் தொடக்கத்திலிருந்தே திட்டத்தில் சேர்த்துக்கொண்டது.

படி என்றால் பிளாஸ்டிக்கில் அச்சிட்டதாகத்தான் இருக்க வேண்டுமா? ஒரு படிமத்தைத் தொடும்போது கை அறிவது உருவத்தை மட்டும் அல்ல. உலோகத்தின் குளிர்ச்சியையும் எடையையும் அறிகிறது, விரல் மூட்டால் தட்டினால் வரும் நாதத்தையும். மெழுகில் உருச்செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கும் சோழர் முறை சுவாமிமலையில் இன்றும் உயிரோடு இருக்கிறது. அங்குள்ள ஸ்தபதிகளிடம் திருவாலங்காட்டு நடராசரை அதே உலோகத்தில், அதே முறையில் செய்யச் சொல்லலாம். மெழுகு உரு, மண் பூச்சு, வார்த்தெடுத்த கரடுமுரடான வார்ப்பு, சீவி முடித்த சிலை என நான்கு நிலைகளையும் வரிசையாக வைத்தால், பார்வையற்றவர் மட்டுமல்ல, எல்லோருமே வெண்கலச் சிலை எப்படிப் பிறக்கிறது என்பதை முதன்முதலாகக் கையால் கற்றுக்கொள்வார்கள். 1905-இல் திருவாலங்காட்டில் கிடைத்த முதலாம் ராஜேந்திர சோழனின் செப்பேடுகள் 31. அதில் ஓர் ஏட்டுக்காவது படி செய்து வைக்கலாம். வெட்டிய எழுத்தின் பள்ளம் விரலுக்குத் தெரியும். பக்கத்தில் அதே வரி பிரெய்லில்.

தொடுவதைப் பற்றி இவ்வளவு பேசியாயிற்று. ஆனால் தொட வேண்டிய மேசைவரை ஒருவர் வந்து சேர வேண்டுமே?

பழைய அருங்காட்சியகக் கட்டடங்களுக்கு உயரமான பீடம் ஒரு கம்பீரம். வீல்சேரில் வருபவருக்கு அதுதான் முதல் பூட்டு. மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி சாய்தளத்தின் சரிவு அதிகபட்சம் 1-க்கு 12. அதாவது ஓரடி உயரம் ஏறக் குறைந்தது 12 அடி நீளம் வேண்டும். மூன்றடி பீடம் என்றால் குறைந்தது 36 அடி, நடுவில் நின்று மூச்சு வாங்கச் சமதளமும் தேவை. இந்தக் கணக்கைப் பார்க்காமல், படிக்கட்டின் ஓரத்தில் சிமென்டைச் சரித்துப் பூசிவிட்டு ‘சாய்தளம் போட்டாயிற்று’ என்று கோப்பை மூடும் வழக்கம் நம் பொதுக் கட்டடங்களில் சர்வசாதாரணம். அந்தச் சரிவில் மேலே தள்ள இரண்டு பேர் வேண்டும். கீழே இறங்கக் கடவுள் துணை வேண்டும். உள்ளே போன பிறகும் கதை முடியவில்லை. வீல்சேர் முழு வட்டம் திரும்ப 1500 மில்லிமீட்டர் இடம் வேண்டும். உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டம் சுமார் நான்கடி. அதற்கு மேலே ஒட்டிய சிறிய எழுத்துக் குறிப்பு அவருக்கு இல்லாத குறிப்புதான்.

சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை மாற்றியமைக்க, விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஐந்து ஆண்டு அவகாசம் கொடுத்தது. விதிகள் வந்தது 2017 ஜூன். கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. அதே சட்டத்தின் 29-ஆவது பிரிவை அதிகம் பேர் கவனிப்பதில்லை. கலையை மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டச் செய்வது அரசின் கடமை என்கிறது அது. அதோடு நிற்காமல், மாற்றுத்திறனாளிகளின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம் ஒன்றையே அமைக்கச் சொல்கிறது. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017-இல் ஒரு தீர்ப்பும், 2024 நவம்பர் 8 அன்று இன்னொரு தீர்ப்பும் வழங்கியது. தர விதிகளைப் பரிந்துரைகளாக மட்டும் வைத்திருப்பது சட்டத்துக்கே முரண் என்று சொல்லி அந்த 2017 விதிகளில் உள்ள 15(1)-ஐ நீதிமன்றம் தள்ளிவிட்டது. கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கும் மேல். இவர்கள் வந்து கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று எந்த அருங்காட்சியகமும் சொல்ல முடியாது. வர முடியாத இடத்துக்கு யார் வந்து கேட்பது?

நல்ல முன்மாதிரி சென்னையிலேயே இருக்கிறது. காமராஜர் சாலையில், மாநில மாற்றுத்திறனாளிகள் நல ஆணையரகத்தின் வளாகத்தில், 2022-இல் ‘மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ்’ திறக்கப்பட்டது. 1985-இல் தொடங்கிய வித்யாசாகர் அமைப்பு இதில் அரசோடு கைகோத்திருக்கிறது. இங்கே பழம்பொருள் எதுவும் இல்லை. ஒற்றைக் கையால் சமைக்க உதவும் சமையலறைச் சாமான்கள், கை நடுங்கினாலும் பிடிக்க வசதியான ஸ்பூன், குளியலறையில் பிடித்து எழக் கம்பி, பேச முடியாதவர் தொடர்புகொள்ளக் கருவி, விளையாட்டுச் சாதனங்கள் என்று அன்றாட வாழ்க்கைக்கு உதவுபவற்றை எடுத்து, இயக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். தொட்டுப் பார்ப்பதே இங்கே விதி. மற்ற அருங்காட்சியகங்களின் பொறுப்பாளர்கள் ஒரு நாள் முழுக்க இங்கே செலவிட்டால், எந்த ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கையும் தராத பாடம் கிடைக்கும்.

அதே சாலையின் எதிர்ப்பக்கம், மெரினாவில், வீல்சேரில் அலைவரை போக 2022 நவம்பரில் ஒரு நிரந்தர மரப்பாதை திறந்தார்கள். பல பேர் வாழ்க்கையில் முதன்முறையாகக் கடல் நீரைக் கிட்டத்தில் பார்த்தார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து பாதையின் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டது. சீரமைத்து மீண்டும் திறந்தார்கள். அந்த மறு திறப்புக்குத்தான் அதிகப் பாராட்டு சேர வேண்டும். லிப்ட் பழுதானால் யாரிடம் சொல்வது, வீல்சேரின் டயருக்குக் காற்று அடிப்பது யார், அது ஸ்டோர் ரூமில் இருந்தால் சாவி யாரிடம் இருக்கிறது என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லாத வசதி, திறப்பு விழாப் புகைப்படத்தோடு சரி.

பார்வையற்றவருக்கு வழிகாட்டும் தடத்துக்கு நம் மரபிலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறார். அறுபத்து மூவரில் ஒருவரான தண்டியடிகள் பிறவியிலேயே பார்வையற்றவர். திருவாரூர்க் குளத்தைத் தூர்வார முனைந்தபோது, குழிக்குள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இரண்டுக்கும் குறுக்கே கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே மண்ணைச் சுமந்தார் என்கிறது பெரிய புராணம். உதவிக்கு ஆள் தேடவில்லை. தாமே இயங்க வழி செய்துகொண்டார். ரயில் நிலையங்களில் இன்று பதித்திருக்கும் மஞ்சள் புடைப்புக் கற்கள் செய்வதும் அதைத்தான். வாசலிலிருந்து டிக்கெட் கவுன்டர், அங்கிருந்து முதல் கூடம், அங்கிருந்து கழிப்பறை என்று அந்தத் தடம் அறுபடாமல் போக வேண்டும். பாதியில் தூணில் போய் முட்டும் தடத்தைவிடத் தடமே இல்லாதது மேல்.

காது கேளாதவர்களின் நிலை இன்னும் கவனிக்கப்படாதது. கண் தெரிகிறதே, எழுதியிருப்பதைப் படித்துக்கொள்ளலாமே என்று நினைத்துவிடுகிறோம். பிறவியிலிருந்தே சைகை மொழியில் வளர்ந்த பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. ‘மெழுகு நீக்கிய வார்ப்பு’ போன்ற சொற்கள் அவர்களுக்கு எந்தப் படத்தையும் தருவதில்லை. ஒவ்வொரு கூடத்துக்கும் இரண்டு நிமிடச் சைகை மொழி வீடியோ, செல்போனில் கியூஆர் குறியீட்டைக் காட்டினால் வந்துவிடும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குத் தேவையானது வேறு: வாரத்தில் ஒரு நாள் காலை, கூட்டமும் ஒலிபெருக்கியும் இல்லாத ஒரு மணி நேரம். இதற்குச் செலவே இல்லை. எழுத்தைப் பெரிதாக்குவதற்கும், வெளிர்மஞ்சள்மேல் வெள்ளை எழுத்து அச்சிடாமல் இருப்பதற்கும், கால் வலிக்கும் பாட்டி உட்கார நாலு நாற்காலி போடுவதற்கும் பெரிய பணம் தேவையில்லை.

கனகம்மாசத்திரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி வீல்சேரில் எழும்பூருக்குப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உயரமான படிகள் உள்ள பஸ்ஸில் அவரைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். ரயில் என்றால் பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் உள்ள இடைவெளி. சென்னைக்குள் 2024-இலிருந்து தாழ்தளப் பஸ்கள் ஓடுகின்றன. ஆனால் சென்னைக்குப் போய்ச் சேர வேண்டுமே. இத்தனையும் தாண்டி வருபவரிடம் வாசலில் ‘பின்பக்கக் கேட் வழியா வாங்க’ என்று சொல்லக் கூடாது. திருத்தணி மலைக்கு 365 படி இருக்கிறது, வண்டி ஏறும் சாலையும் இருக்கிறது. சாலை வழியாக வந்தவருக்கு முருகன் கொஞ்சம் குறைவாகத் தெரிவதில்லை.

எழும்பூர் தொலைவு என்பதால்தான் பூண்டியைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாவட்டத்துக்குள்ளேயே தேவையான எல்லாம் இருக்கிறது. பூந்தமல்லியில் 1931-இலிருந்து பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி நடக்கிறது. தமிழில் அச்சடிக்கும் பிரெய்ல் அச்சகம் அதே ஊரில். பூந்தமல்லியும் பூண்டியும் ஒரே திருவள்ளூர் மாவட்டம். குறிப்புகளை அங்கேயே அச்சடிக்கலாம். அடித்து முடித்து ஒட்டிய பிறகு பிள்ளைகளை அழைத்துவந்து காட்டுவது வேண்டாம். மேசை போடும் முன்பே பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரை வரவழைத்து, ஐந்து கைக்கோடரிகளையும் இரண்டு விதமான குறிப்புகளையும் முன்னால் வைத்து, எது புரிகிறது, எந்த உயரத்தில் கை வசதியாக எட்டுகிறது, கல்லைச் சங்கிலியில் கட்டினால் திருப்பிப் பார்க்க முடிகிறதா என்று அவர்களிடமே கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்ட பிறகுதான் தச்சருக்கு அளவு கொடுக்க வேண்டும்.